விக்கலில் ஆரம்பிக்கும் பாட்டு

மெலடியா? மெலடிதான் கேக்கறீங்களா?

அதைச் சித்தே காதுல இருந்து கழட்டுங்க தம்பி. கோபி போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்குது. நான் என்ன கேட்டேன்? என்ன பாட்டு கேக்கறீங்கன்னு மரியாதையாத்தான் கேட்டேன். நீங்க 'பழைய மெலடிங்க'ன்னு சொன்னீங்க பாருங்க, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இன்னைக்கு நான் வேனை உட்டு எறங்கி இந்த பஸ்ஸுல உக்காந்திருக்கறேன்.

ஆமாங்க. எம் பொண்ணு தாரணிக்கு இன்னைக்கு உப்புச் சக்கரை மாத்தறாங்க. நீங்க எந்தப் பக்கம்? மாயவரமா, அப்பத் தெரியாது. எங்க பக்கம் கல்யாணத்தை உறுதி பண்றதுன்னா ரெண்டு ஊட்டுக்காரங்களும் கோயில்ல கூடுவாங்க. உப்பும் சக்கரையும் தட்டுல வெச்சு மாத்திக்குவாங்க. மாத்தியாச்சுன்னா பேச்சு முடிஞ்சுது. அதுக்கு மேல அவங்களும் பின்வாங்கக் கூடாது, நாமளும் கூடாது. பொண்ணு, அவங்கம்மா, ஒறம்பரைச் சொந்தக்காரங்க எல்லாரும் வேன்ல முன்னால போயிட்டாங்க. பொண்ணைப் பெத்தவன் நான் இங்க உங்க பக்கத்துல. வேட்டி கசங்கக் கூடாதுன்னு இப்படி வெறைப்பா உக்காந்திருக்கறேன்.

வேன்ல என்னாச்சுன்னா, பரமசிவம்னு எனக்கு ஒரு மச்சினன். சம்சாரத்தோட தம்பி. கூட்டுறவு சங்கத்துல வேலை. பொழுது விடிஞ்சா ஒறம்பரை குரூப்புல ஒரு பழைய பாட்டைப் போட்டு, கீழ 'இது மாதிரி இனி வருமா'ன்னு எழுதுவான். அதுக்கு ஊரே கும்பிடு போடும். அவன் வேன்ல ஏறினதும் டிரைவர் கையில பென் டிரைவைக் குடுத்துட்டு, என்னத் திரும்பிப் பாத்து, 'மாமா, இன்னைக்கு நல்ல நாளு. மெலடி மட்டுந்தான்'ங்கறான். வேன் முச்சூடும் சிரிக்குது. என் சம்சாரம் தெய்வாத்தாளும் சிரிக்கறா. நான் 'நிறுத்தப்பா'ன்னு சொல்லி அவினாசில எறங்கிட்டேன். 'ஏனுங், என்னங்க இது, பொண்ணு காரியத்துல போயி'ன்னு அவ சன்னல் வழியாக் கத்தறா. 'நீங்க மெலடில வாங்க, நான் பஸ்ஸுல வர்றேன்'னுட்டேன்.

இதுல என்னங்க தப்பு?

பலமாச் சொல்லுங்க. என் காது நல்லாத்தான் இருக்குது. தறி ஓட்டறவனுக்குக் காது மந்தம்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு. அதெல்லாம் சும்மா. பஸ்ஸு சத்தம் அப்படி.

எனக்குச் சோமனூருங்க. தறிகுடோன் வெச்சிருக்கறேன். பேரு நாச்சிமுத்து. எனக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு கேட்டீங்கன்னா, எண்பத்தெட்டு எண்பத்தொம்பதுல வந்துது ஒரு பாட்டு. படம் ஓடலை. போன வேகத்துல பெட்டி திரும்பி வந்துருச்சு. படத்துப் பேரே எனக்கு மறந்து போச்சு. பாட்டு மறக்கலை. முதல்ல ஒரு பொம்பளை விக்குவா. ஒரே ஒரு விக்கல். அப்பறம் ஒரு சிரிப்பு. அப்பறம் சித்தே நேரம் சத்தமே இருக்காது. கேசட்டு சிக்கிக்கிச்சான்னு நீங்க எந்திரிச்சுப் பாக்கப் போவீங்க பாருங்க, அப்ப எறங்கும் தாளம். ஆத்தாடி, நெஞ்சுக்குள்ள குழி தோண்டறாப்பல எறங்கும்.

ரெக்கார்டு டான்ஸ் பாட்டுன்னு சொல்லுவாங்க. ஆமா, ரெக்கார்டு டான்ஸ் பாட்டுதான். அதுக்கென்ன இப்போ?

பாட்டுல கருத்து வேணும்கறான் பரமசிவம். எதுக்கு? பாட்டைக் கேட்டுட்டு நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன்? தெய்வாத்தாளுக்குப் பிடிக்கறது கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு. ஒருத்தன் அழுதுட்டே ஆத்தோரமா நடப்பான், அதுக்கு ஒரு பாட்டு. அவன் நடந்து முடிக்கறதுக்குள்ள எனக்கு வயசாயிரும். கேட்டா 'உங்களுக்கு ரசனை இல்லீங்க'ம்பா. அழுதாத்தான் ரசனையா? குதிச்சா ரசனை கெடையாதா? எந்தக் கோர்ட்டுல எழுதி வெச்சிருக்குது?

நீங்க ஒருக்கா எங்க குடோனுக்குள்ள வந்து நில்லுங்க. நூலை இழுத்துட்டுப் போற நாடா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஓடி ஓடி அடிக்கற அடியில, பக்கத்துல நிக்கறவன் வாயசையறதுதான் தெரியும், பேச்சுக் கேக்காது. அதுக்குள்ள உங்க மெலடியைப் போட்டா என்னாகும்? வயலின் இழையறது யார் காதுக்கு எட்டும்? என் பாட்டு அப்படியில்லீங்க. தறியடிக்கு மேல ஏறி வந்து நிக்கும். அந்தத் தாளமும் தறியோட அடியும் ஒண்ணாப் போகும். பாவு நூலை முடிஞ்சு புனைய வர்ற பொம்பளைங்க தலையாட்டிட்டே புனைவாங்க. காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. எங்க குடோன்ல அது பாட்டு இல்லை, சைரனு.

எம் பொண்ணு தூங்கினதே அந்தப் பாட்டுலதான். சிரிக்காதீங்க, நெசந்தான். அவங்கம்மாளும் தறி பாத்தவ. குடோன் உத்தரத்துல தூளி கட்டித்தான் போட்டிருந்துது. அந்தச் சத்தத்துல புள்ளை எப்படிங்க தூங்கும்னு வர்றவங்க எல்லாம் கேப்பாங்க. அது தூங்கும். கரண்டு போனாத்தான் எந்திரிச்சு அழுகும். தறி நின்னு, பாட்டு நின்னு, குடோனே அமைதியானா, வீல்னு கத்தும். தெய்வாத்தா தாலாட்டுவா, ஆகாது. அவளோட ஆத்தோரப் பாட்டைப் பாடுவா, இன்னும் எச்சாக் கத்தும். நான் போயித் தூளி கிட்ட நின்னு ஒரு விக்கு விக்குவேன். பொம்பளைக் குரல்ல சிரிப்பேன். சித்தே பேசாம நிப்பேன். அப்பறம் தறிக் கட்டையில கையால தாளம் போடுவேன். கம்முனு ஆயிரும். நான் அன்னைக்கும் இதே ஒடம்புதானுங்க. மீசை இன்னும் பெருசு. அந்த மீசையோட பொம்பளையாட்டம் விக்கிட்டு நின்னா, பாவு புனையறவங்க சிரிக்காம என்ன பண்ணுவாங்க. சிரிக்கட்டும்.

சரி, விசயத்துக்கு வர்றேன். அந்தப் பாட்டைத்தான் என் போன்ல காலர் ட்யூனா வெச்சிருக்கறேன். எனக்கு யாரு போன் பண்ணாலும் அவங்க காதுல மணியடிக்காது, அந்தப் பாட்டுதான் கேக்கும். செல்போன் கடையில வேலை பாக்கற புள்ளை தேடிப் புடிச்சுப் போட்டுக் குடுத்துச்சு. 'இப்படி ஒரு பாட்டா அங்கிள்'னு அதுவே ஆச்சரியப்பட்டுது.

தை மாசத்துல தாரணிக்கு ஒரு சம்பந்தம் வந்துது. கோபிப் பக்கம். மாப்பிள்ளை இஞ்சினியரு, பேரு கௌதமன், தங்கமான பையன். அவங்கப்பா அவினாசியப்பன் வாத்தியாரு. ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. பொண்ணு பாக்க நாள் கேக்கறதுக்கு எனக்குப் போன் போட்டிருக்கறாரு. எடுத்த எடுப்புல விக்கல். அப்பறம் சிரிப்பு. மனுசன் வெச்சுட்டாரு. நம்பர் மாறிப் போச்சாட்டன்னு மறுக்காப் போட்டிருக்கறாரு. மறுக்காவும் விக்கல், சிரிப்பு. நேரா தரகரைக் கூப்பிட்டு, 'ஏம்ப்பா ஆறுச்சாமி, நீ எந்த ஊட்டு நம்பரைக் குடுத்திருக்கறே'ன்னு கேட்டுட்டாரு.

ஆறுச்சாமி வேர்த்து விறுவிறுத்து வந்தான். 'அண்ணா, வாத்தியாரு ஊட்டுல சாமி பாட்டைத் தவுத்து எதுவும் கேக்க மாட்டாங்க. ஒரு முருகன் பாட்டா மாத்திருங்கண்ணா.' முருகனுக்கும் எனக்கும் சண்டை இல்லைப்பா, மாசாமாசம் பழனி போயிட்டு வர்றவன் நானு, ஆனாப் போன்ல இருக்கறது என் பாட்டுன்னுட்டேன்.

பொழுதோட தாரணி பக்கத்துல வந்து உக்காந்தா. 'அப்பா, அவங்க வந்துட்டுப் போற வரைக்குமாச்சும் மாத்திருங்கப்பா.' அவளுக்கு அந்தப் பையனைப் பிடிச்சுப் போச்சு, அது எனக்குத் தெரியும். கோயமுத்தூர்ல ரெண்டு பேரும் ஒரே பக்கம் வேலை. இருந்தாலும் நான் மாட்டேன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேளுங்க. இன்னைக்குப் பாட்டை மாத்துன்னுவாங்க. நாளைக்கு மீசையை எடுன்னுவாங்க. அப்பறம் தறிக்காரன்னு சொல்லாதே, டெக்ஸ்டைல்ஸுன்னு சொல்லுன்னுவாங்க. ஒரு பாட்டுக்கு நிக்கற கல்யாணம் நின்னுட்டே போகட்டும். அப்படித்தான் சொன்னேன். தாரணி எந்திரிச்சுப் போயிட்டா. நாலஞ்சு நாள் என்கூடப் பேச்சில்லை. சோத்தைப் போடுவா, மூஞ்சியைப் பாக்க மாட்டா. எனக்கும் வெசனந்தான். ஆனா நான் அசையலை.

பொறுங்க, கதை இனித்தான்.

ஒரு நாள் அவளா வந்தா. 'அப்பா, உங்க போன் ரொம்ப நெறைஞ்சு கெடக்குது, குடுங்க, வேண்டாததை அழிச்சுத் தர்றேன்'னா. குனிஞ்ச தலை நிமுராம மடியில வெச்சு என்னமோ பண்ணிட்டிருந்தா. 'பாட்டுக் கீட்டு அழிஞ்சுராதே கண்ணு'ன்னு கேட்டேன். 'எல்லாம் அப்படியேதான் இருக்குதுப்பா'ன்னா. அன்னையில இருந்து பழையபடி பேச ஆரம்பிச்சுட்டா. சோத்துல ஒரு கரண்டி நெய் எச்சா உழுகுது. சரி, அப்பன் சொல்றதுல இருக்கற நாயம் புள்ளைக்குப் புரிஞ்சு போச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

அடுத்த வாரம் வாத்தியாரு கூப்பிட்டாரு. என்ன பேச்சுங்கறீங்க, அவ்வளவு மரியாதை. 'உங்களைக் கூப்பிடவே இப்பத்தானுங்க நல்லா இருக்குது'ன்னாரு. அந்த வாத்தியாரு வாயால. நான் தெய்வாத்தா கிட்டச் சொன்னேன், பாத்தியா, ஹெட்மாஸ்டரையே வழிக்குக் கொண்டு வந்துட்டேன்னு. அவ அடுப்பைப் பாத்துத் திரும்பிக்கிட்டா. அவளும் மாறிட்டாங்க. முன்னெல்லாம் குடோனுக்குப் போன் போட்டா, நான் ஹலோங்கறதுக்கு முன்னாடி 'அந்த விக்கலை நிறுத்தித் தொலைங்க'ம்பா. பொழுதன்னைக்கும் அதே பேச்சு. இப்ப ரெண்டு மாசமா ஒரு சொல்லு இல்லை. எடுத்ததும் 'சாப்பிட வாங்க'ங்கறா, அவ்வளவுதான். கட்டிக்கிட்டு இத்தனை வருசம் கழிச்சு அவளுக்கும் பாட்டுப் பிடிச்சுப் போச்சுங்க. வாயால ஒத்துக்க மாட்டா.

ஒரு மனுசன் தன் பாட்டுக்காக உறுதியா நின்னா, ஊரு தானா வந்து சேரும். அதைத்தான் நான் சொல்ல வந்தது.

நம்பலையா? உங்க மூஞ்சியைப் பாத்தாத் தெரியுதே. கேட்டுப் பாருங்க. நான் நம்பர் சொல்றேன், உங்க போன்ல இருந்து போடுங்க. விக்கலைக் கேட்டுட்டு வெச்சுராதீங்க, சிரிப்பு முடிஞ்சு தாளம் வரணும்.

ம், இங்க அடிக்குது. நான் எடுக்க மாட்டேன், நீங்க கேளுங்க.

கேட்டுதா?

மணியா? என்ன மணி? குடுங்க இப்படி. பஸ்ஸு சத்தத்துல உங்களுக்குக் கேக்கலை.

நம்பர் தப்பாப் போட்டிருப்பீங்க. மறுக்காப் போடுங்க.

என் போன்தான் அடிக்குது. ஆமா.

வெறும் மணிதான்.

சன்னலைச் சித்தே சாத்துங்க தம்பி, காத்து அடிக்குது.

இது பெருமாநல்லூர்தானே? யாரோ எறங்கறாங்க, வழி உடுங்க.

மடியில வெச்சுக் குனிஞ்சுட்டே இருந்தா. நான் பக்கத்துலயே உக்காந்து கடலை தின்னுட்டிருந்தேன். எல்லாம் அப்படியேதான் இருக்குதுப்பான்னா. அவங்கம்மாளுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாம எப்படி, பொழுதன்னைக்கும் கூப்பிடறவ. பரமசிவத்துக்கும் தெரிஞ்சிருக்கும். வேன்ல சிரிச்சது அதுக்குத்தானா? ஊரே மணியடிக்கறதைக் கேட்டுட்டு, நான் என் பாட்டுப் பெருமை பேசறப்ப எனக்குத் தலையாட்டியிருக்குது.

வாத்தியாரு சொன்னது அதுதானா? கூப்பிட இப்பத்தான் நல்லா இருக்குதுன்னு.

ஏனுங்க தம்பி, உங்களுக்கு இந்தப் போன் சமாச்சாரம் எல்லாம் தெரியுமில்லை? இந்தாங்க. அந்தப் பாட்டைத் திரும்பப் போடுங்க. இங்கயே, இப்பவே.

இன்னைக்கேவான்னு கேக்கறீங்க. இன்னைக்கேதான். உப்பு மாத்தறதுக்கு முன்னாடியே கேக்கட்டும். நான் எங்க வந்துட்டேன்னு கேட்டு எப்படியும் ஆளாளுக்குக் கூப்பிடுவாங்க. வாத்தியாரும் கூப்பிடுவாரு. கோயில் வாசப்படியில நின்னு அந்த விக்கலைக் கேக்கட்டும். பிடிக்கலைன்னா அங்கயே சொல்லட்டும், தட்டை எடுத்துட்டுத் திரும்பி வந்தர்றோம். அப்பனை மறைச்சு வெச்சுத்தான் ஒரு ஊட்டுக்குள்ள போகணும்னா, அந்த ஊடு எதுக்கு? போடுங்க.

கெடைச்சுருச்சா? அதேதான், இந்தப் பொம்பளை படம் போட்டிருக்கறதுதான். அமுக்குங்க.

என்ன கேக்குது? படிச்சுச் சொல்லுங்க, கண்ணாடி வேன்ல பையோட போயிருச்சு. எல்லாருக்குமா, ஒரு நம்பருக்கு மட்டுமான்னு கேக்குதா? அப்படிக் கூட வெக்கலாமா?

எல்லாருக்கும்னு போடுங்க.

இருங்க. சித்தே இருங்க. கையை எடுங்க.

ஏன் வெறும் மணியா உட்டிருக்கறா? அதை யோசிக்கறேன். எடுத்தவ ஒரு முருகன் பாட்டை வெச்சிருக்கலாம், வாத்தியாருக்குக் குளுகுளுன்னு இருந்திருக்கும். மாமன் கிட்டக் கேட்டிருந்தா மெலடி நூறு குடுத்திருப்பான். அவங்கம்மாளோட ஆத்தோரத்தானை வெச்சிருக்கலாம். ஒண்ணையும் வெக்கலை பாத்தீங்களா? என் பாட்டை எடுத்தவ, அந்த எடத்துல வேற பாட்டை உக்கார வெக்கலை. வெறும் எடமா உட்டுட்டா. அதுக்கு அவளுக்குக் கை வரலைங்க. எனக்குத் தெரியாதா எம் புள்ளையை?

நீங்க அப்படி இல்லைங்கறீங்களா? ஒண்ணும் சொல்லலையா. சரி.

தம்பி, ஒரு நம்பருக்கு மட்டும்னு போடுங்க. தாரணி நம்பரு. அதுல பேரு இருக்கும், 'கண்ணு'ன்னு போட்டிருக்கறேன். அதுக்கு மட்டும். வாத்தியாருக்கு மணியே அடிக்கட்டும். பரமசிவத்துக்கும் மணி. என் பாட்டைக் கேக்க அவங்களுக்கு என்ன கொடுப்பினை இருக்குது?

இதுக்குப் பேரு உட்டுக் குடுக்கறது இல்லீங்க. அப்படி நெனைக்காதீங்க. நான் உட்டுக் குடுக்கலை. நாளைக்கு அந்தச் சாமி பாட்டு ஊட்டுக்குள்ள இருந்து அப்பனைக் கூப்பிடுவா இல்லை, ஒவ்வொருக்காவும் கேக்கணும். தீபாவளிக்குக் கூப்பிட்டாலும் கேக்கணும், சண்டை போட்டுட்டு அழுதுட்டே கூப்பிட்டாலும் முதல்ல விக்கலைக் கேட்டுட்டுத்தான் அப்பறம் அப்பங்கூடப் பேசணும். அதுதான் அவளுக்குத் தண்டனை.

முடிஞ்சுதா? மெசேஜ் வருமா? வரட்டும். குன்னத்தூர் தாண்டியாச்சு.

வர்ற வரைக்கும் அந்த மெலடியைக் குடுங்க, என்னதான் இருக்குதுன்னு பாப்பம். இந்தக் காதுல வெக்கறதா? ம். வயலின் வருது. பொம்பளை நல்லாத்தான் பாடறா. என்ன, கேட்டாத் தூக்கம் வருது. தறிக்கு ஆகாது. இந்தாங்க, நீங்களே வெச்சுக்குங்க.

என் போன் துள்ளுதே. மெசேஜா? போட்டாச்சுன்னு வந்துருச்சா? சரி.

அடிக்குது பாருங்க. யாருன்னு படிங்க. 'கண்ணு'வா?

எடுக்கலை. எடுக்க மாட்டேன்.

நின்னுருச்சு.

வெச்சுட்டா. விக்கலைக் கேட்டதும் வெச்சுட்டா. வாத்தியாரு பண்ணுன மாதிரியே. பக்கத்துல அவங்க யாராச்சும் நின்னிருப்பாங்க. பட்டுச் சேலையில, பூவோட, அத்தனை பேருக்கு மத்தியில. அவளையும் ஒண்ணும் சொல்றதுக்கில்லை.

கோபி பஸ் ஸ்டாண்டுல இருந்து கோயிலுக்கு ஆட்டோ கெடைக்குமில்லீங்க?

என்னது? மறுக்கா அடிக்குதா? யாரு? அவதானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

இல்லை தம்பி, இருக்கட்டும். இப்ப எடுத்தா விக்கலோட நின்னுரும். இப்ப விக்கல் ஆயிருச்சு. பாட்டுக்காரி சிரிச்சிட்டிருப்பா. இப்பச் சத்தம் இருக்காது, சித்தே நேரம் ஒண்ணுமே இருக்காது. இங்கதான் எல்லாரும் வெச்சுருவாங்க.

அடிச்சுட்டேதான் இருக்குது பாருங்க. அவ வெக்கலை.

இப்ப எறங்கியிருக்கும் தாளம். கேக்கட்டும். இன்னொரு சுத்து கேக்கட்டும்.

சொல்லு கண்ணு.